முக்கில் நின்ற அத்தை

வீட்டில் அவள் பெயர் கேள்விக்குட்டி. பல் துலக்கும்போதும் கேள்வி கேட்பாள்; நுரை தெறிக்கும்.

அன்று வயதானவர்களின் ஞாபகசக்தியைச் சோதிக்க ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்திருந்தார். தாத்தாவும் அவருடைய அக்காவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் அக்கா டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்தவர். அப்பாவுக்கு அத்தை, அதனால் வீட்டில் எல்லாருக்குமே அத்தைதான்.

நர்ஸ் ஐந்து வார்த்தைகள் சொன்னார். மேசை, குடை, யானை, மணி, ரோஜா. கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு அவற்றைத் திருப்பிக் கேட்டார்.

"யானை," என்றார் தாத்தா. நெற்றியைத் தேய்த்தார். "அப்புறம்... அதே யானைதான்."

அத்தை ஐந்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். "தம்பி பங்கையும் நானே சொல்லிடட்டுமா?"

மீதியை மறுநாள் பார்க்கலாம் என்று நர்ஸ் கிளம்பினார். அம்மா முடிவே செய்துவிட்டாள்.

"மாமா இனிமே தனியா வெளியே போக வேண்டாம். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு அத்தை கூட்டிட்டுப் போகட்டும்."

தாத்தா தன் செருப்பை அலமாரிக்கு அடியில் தள்ளி வைத்தார்.

மாலையில் கேள்விக்குட்டி அத்தையோடு மருந்துக்கடைக்குப் போனாள். திரும்பும் வழியில், தெருமுக்கில் அத்தை நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். எப்போதும் அங்கேதான் துடைப்பார். ஏன் அங்கே மட்டும்? பார்த்துவிடலாம் என்று அவளும் நின்றாள்.

"முன்னாடி நடடி."

"நீங்க போங்க அத்தை. நான் பின்னாடி வர்றேன்."

வீடு வலப்பக்கம். அத்தை இடப்பக்கம் திரும்பினார். பேக்கரிக்காரர் மகளுக்கு வேலை கிடைத்த கதையை ஒரு சொல்கூடத் தடுமாறாமல் சொல்லிக்கொண்டே நடந்தார். தெரு ஒரு மதில்சுவரில் போய் முடிந்தது. கதையும் நின்றது.

கேள்விக்குட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா அத்தை?"

"கொஞ்ச நாளா. முக்குக்கு வந்தா எல்லாத் தெருவும் ஒண்ணு மாதிரி இருக்கு. இந்த வாய் இருக்கே, அது எப்படியோ சமாளிச்சுடுது. வீட்ல சொல்லிடாதே."

"நான் சொல்ல மாட்டேன். ஆனா திங்கட்கிழமை தாத்தாவோட எந்தப் பக்கம் திரும்புவீங்க?"

அத்தை அவள் கையை விடாமல், அவள் திரும்பிய பக்கமே திரும்பி வீடு வரை நடந்தார்.

மறுநாள் நர்ஸ் உட்கார்ந்ததும் கேள்விக்குட்டி ஆரம்பித்தாள். "வார்த்தை ஞாபகம் இருந்தா, மத்ததும் ஞாபகம் இருக்குன்னு அர்த்தமா?"

"அப்படி இல்ல பாப்பா. நிறையப் பெண்களுக்கு வயசானாலும் வார்த்தை நல்லா நிக்கும். அதனாலயே அவங்களோட மறதி சில சமயம் லேட்டாத்தான் தெரியும். ஆண்கள் வார்த்தையிலயே மாட்டிக்குவாங்க."

"பாவம் ஆண்கள்," என்றார் தாத்தா.

அத்தை சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "அப்போ எனக்கு வேற எதையாவது கேளுங்கம்மா. வழி கேளுங்க."

நர்ஸ் இருவருக்கும் காகிதம் கொடுத்தார். தாத்தா மருந்துக்கடை வரை வழி வரைந்தார். வேகத்தடை, பள்ளம் ஒன்றுவிடாமல். அத்தையின் காகிதத்தில் ஒரு வீடு மட்டும் இருந்தது.

அம்மா அத்தையின் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை தாத்தா, அத்தை, கேள்விக்குட்டி மூவரும் கிளம்பினார்கள். தாத்தா முன்னால் நடந்தார். ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்த பெண், "யாருக்குப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

தாத்தா வார்த்தை தேடினார். அத்தை கேள்விக்குட்டியை ஒருமுறை பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும்தான்மா," என்றார். "முதல்ல எனக்கு."