கருவிக்கு அடியில் ஒரு ஜோடிச் செருப்பு

பாங்காக்கில் எங்கள் சந்துக்குள் அழுத முகம் நுழைந்தால் அது துப்பறியும் சனித் வீட்டுக்குத்தான் போகும். அன்று வந்த டாக்டர் பியாதாவுக்கு உதடு கிழிந்து, முன்பல் இரண்டைக் காணோம்.

"யாரு வேலை?" என்றாள் சனித்தின் உதவியாள் தெங், பேனாவும் கையுமாக.

"தவிசாக்கோட பசங்க. நாளைக்குள்ள போலீஸ் என்னைப் பிடிக்கலேன்னா அவங்களே முடிச்சிடுவாங்களாம், ஐயா" என்றாள் பியாதா சனித்திடம்.

தவிசாக் குத்துச்சண்டைக் கூடம் நடத்தியவர். அவர் மேடையில் ஒரு பையன் அடிபட்டே செத்ததை எங்கள் சந்து வாய் வலிக்கப் பேசியது. யார் வீட்டுப் பையன் என்று மட்டும் கேட்கவில்லை. போன வாரம் தவிசாக் சிறுநீரகக் கட்டிக்காக அறுவை மேசையில் படுத்தார். வயிற்றில் நாலு துளை, உள்ளே ரோபோவின் கைகள். மூலையில், கருவிக்குள் முகம் புதைத்து அவற்றை இயக்க உட்கார்ந்தவர் பெரிய டாக்டர் ரங்சன். திடீரென்று ஒரு கை பெருந்தமனியை நறுக்கியது. வயிற்றைக் கிழித்துத் திறப்பதற்குள் தரையெல்லாம் ரத்தம். ஆள் காலி.

"நான் போன் பேச வெளியே போயிருந்தேன். பியாதா என் இடத்துல உட்கார்ந்துட்டா. கூச்சல் கேட்டு ஓடி வந்தேன்" என்பது ரங்சனின் வாக்குமூலம். பயிற்சி டாக்டரான தான் எல்லோருக்கும் பின்னால் சும்மா நின்றதாகப் பியாதா சொன்னாள். மற்றவர்களின் கண்ணெல்லாம் திரையில்.

சம்பவம் நடந்ததும் அந்த அறையில் போலீஸ் எடுத்த படத்தைச் சனித் வெகுநேரம் பார்த்தார். பியாதாவின் செருப்பில் ரத்தம். ரங்சன் நின்றது சாக்ஸோடு, அதிலும் ரத்தம். கருவிக்கு அடியில் ஒரு ஜோடிச் செருப்பு, சுத்தமாக.

மறுநாள் இன்ஸ்பெக்டரோடு எல்லோரும் அதே அறையில் கூடினார்கள்.

"எப்படி வேலை செய்வீங்கன்னு உட்கார்ந்து காட்டுங்களேன், டாக்டர்" என்றார் சனித்.

ரங்சன் பெருமையாக உட்கார்ந்தார். கால்விரல்கள் தாமாகவே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தன.

"ஏன் கழட்டினீங்க?"

"கீழே இருக்கிற பெடல் காலுக்குத் தெரியணும்ல. செருப்போட மிதிச்சா..." ரங்சன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"வெளியே போன் பேசப் போனவரு செருப்பு போட்டிருப்பாரு. ஓடி வந்தாலும் அதோடதான் வந்திருப்பாரு. உங்க செருப்பு கருவிக்கு அடியிலயே கிடந்துச்சு. நீங்க எங்கேயும் போகலை."

ரங்சன் தட்டிலிருந்த கத்தியைப் பிடுங்கிப் பியாதாவின் கழுத்துக்குப் பாய்ந்தார். தெங் முக்காலியால் ஓங்கி அடித்ததில் மணிக்கட்டு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"என் தம்பி மேடையில விழுந்த பிறகும் அடிக்கச் சொன்னான் தவிசாக்," தரையில் கிடந்தபடி முனகினார் ரங்சன். "முப்பது குத்து. நான் வெட்டினது ஒண்ணே ஒண்ணு."

"அப்போ என் பல்லு ரெண்டும்?" என்றாள் பியாதா.

இன்ஸ்பெக்டர் ரங்சனைத் தூக்கி நிறுத்தினார். தெங் செருப்பைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"இப்போ நிஜமாவே வெளியே போறீங்கல்ல, டாக்டர். போட்டுக்குங்க."