ஒன்பதாமவன் உண்ட சோறு

காவிரியின் கிளையாறு ஒன்று, நெடுவழி நடந்து களைத்த நங்கையைப் போல மெல்ல அசைந்து வந்து கடலோடு கலக்கும் சங்குமுகத் துறையில், அந்த மாலை வேளை வெகு மோகனமாக இருந்தது. மேற்கே புன்னைக் காட்டின் உச்சியில் சூரியன் தன் கடைசிச் சிவப்பைக் கொட்டிவிட்டுக் கடையைக் கட்ட, எதிர்வானில் தசமிச் சந்திரன் வெள்ளியை விரித்துக் கடை திறந்திருந்தான். அலைகளோ இரண்டு சரக்கையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, எதையும் வாங்காமல் திரும்பிக்கொண்டிருந்தன.

மஞ்சள் பூசி, முகப்பில் கண் எழுதி, எலுமிச்சை கட்டி நின்ற 'மகரவல்லி' என்னும் மரக்கலத்தின் மேல்தளத்தில், கரையையே பார்த்தபடி நின்றாள் கோதைநங்கை. வெண்ணாட்டு வேளிர் குலத்தவள். அவளுடைய ஒரே தம்பி ஆதன், கடல் நடுவே முள்ளித்தீவுக் கோட்டையில் வடகரை அரையனின் முற்றுகைக்குள் சிக்கியிருந்தான். கோட்டையில் தானியம் பௌர்ணமி வரைக்கும்தான். அன்றிரவு தென்கழி வழியே வெளியேறினால் வெண்ணாட்டுக் கலங்கள் காத்திருக்கும் என்னும் ஓலை, மூங்கில் குழலில் அடைத்து முத்திரையிடப்பட்டு, கீழ்த்தளத்தில் அவள் பேழைக்குள் இருந்தது.

அவளோடு வருவதாக வாக்களித்திருந்தவன் பூவரையன்; சேனாபதியின் மகன், அவளுக்கு மாலையிடப் போகிறவன். அவனுக்குப் பதிலாக வந்தது ஒரு செய்தி மட்டுமே. கடுங்காய்ச்சலாம். மூன்று வைத்தியர் அருகிலிருக்கிறார்களாம்.

கலத்தை நடத்தும் தண்டேல் நீலாயன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"நாச்சியாரே, அவுக வரலேன்னா நாம எட்டுப் பேரு. எட்டுத் தலையோட கலம் பொறப்படப்படாது."

"புறப்பட்டால்?"

"எங்க மாமனாரு அப்படித்தான் பொறப்பட்டாரு. செத்தாரா இருக்காரான்னு தெரியாம இன்னும் கருமாதிக்கு நாள் குறிக்கலை. எங்க மாமியா பூவும் வைக்க முடியாம, பூவை எடுக்கவும் முடியாம நிக்கிறா."

"ஒருவரை இறக்கிவிடும்."

"ஏழு பேருக்குத் துடுப்பு கட்டாது, தாயே. கல்லு ஏத்திருவோம்."

அன்பார்ந்த வாசகர்களே, சிரிக்க வேண்டாம். மூன்று பேராய் ஒரு காரியத்துக்குப் போகையில் ஒரு கல்லை மடியில் கட்டி நாலாவது ஆளாக்கிக்கொண்டு போகிற ஊரில்தானே நீங்களும் பிறந்தீர்கள்? கடலோடிகள் அதே கல்லைக் கொஞ்சம் பெரியதாக எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஆற்றுக் கல் ஒன்றுக்கு மஞ்சள் துணி உடுத்தி, 'ஒன்பதாமவர்' என்று பேரிட்டு, கீழ்த்தள வாயிலில் குடியேற்றினார்கள். அந்தி தோறும் அவருக்கு இலை போட்டுச் சோறு படைக்க வேண்டும். படைத்தபின் திரும்பிப் பாராமல் எல்லோரும் முகப்புக்குப் போய்க் கடலன்னையைப் பாட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நங்கூரம் ஏறியபின் யாரும் தலை எண்ணக் கூடாது. எண்ணினால் எமனும் கூடவே எண்ணுவான்.

முதல் நாள் அந்தியில் பாடிவிட்டு வந்து பார்த்தால் இலை காலி. இரண்டாம் நாளும் காலி. தண்ணீர்ச் செம்பும் வற்றியிருந்தது.

"முப்பது வருசமாப் படைக்கிறேன், ஒரு நாளும் ஒன்பதாமவரு வாய் வச்சதில்லை" என்று நீலாயன் கண்கலங்கினான்.

"நாச்சியாரு ராசி, தண்டேலே" என்றான் துடுப்புக்காரன் ஒருவன். "இல்லேன்னா உம்ம சமையலை யாரு திம்பா?"

மூன்றாம் நாள், துவாதசிச் சந்திரன் கடலெங்கும் பாலைக் கவிழ்த்திருந்த அந்தியில், அன்றைய மிளகுச் சோறும் தீர்ந்திருந்த இலையை எடுத்தெறியக் குனிந்தாள் கோதை. குனிந்தவள் அப்படியே நின்றாள். இலையின் இடது ஓரத்தில் மிளகுகள் மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கப்பட்டு, முத்துக் கோத்தாற்போல் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. யவனர் பொன்னைக் கொட்டி வாங்கும் சரக்கை இப்படி ஒதுக்கிவைக்கும் சீமான் சோழ மண்டலத்தில் ஒருவர்தான் என்பது அவளுக்குத் தெரியும். எத்தனை விருந்துகளில் அவர் அருகே அமர்ந்து அந்த வரிசையைக் கலைத்து விளையாடியிருக்கிறாள்!

காய்ச்சலா? எல்லாம் நாடகம். அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல், அவளுக்கும் தெரியாமல் காவலுக்கு வந்திருக்கிறார். அந்தக் கள்ளத்தனத்தை நினைக்க நினைக்க அவள் முகம் செவ்வாம்பலாய் மலர்ந்தது. கை விளக்கை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள்.

பாய்ச்சுருள்களுக்கு அப்பால், பக்கப் பலகையின் சாளரத்தண்டை, வெளியே ஆட்டிக் காட்டிய தீப்பந்தத்தை ஊதி அணைத்துக்கொண்டிருந்தான் பூவரையன்.

"பிரபு, தாங்கள் இங்கே..." என்று தொடங்கியவளின் பார்வை அவன் மடிக்கு இறங்கியது. முத்திரை உடைந்த மூங்கில் குழல் அங்கே செருகியிருந்தது. அருகே அவள் பேழை திறந்து கிடந்தது.

"வந்திருக்கக் கூடாது, கோதை" என்றான் அவன், வருத்தமே இல்லாத குரலில். "நீ பாடும்போது குரல் மிக இனிமையாக இருந்தது. இன்னும் ஒரு பாட்டுப் பாடியிருந்தால் நாம் சந்தித்தே இருக்கமாட்டோம்."

"வெளிப்படையாக வந்திருக்கலாமே. நானே காட்டியிருப்பேனே அந்த ஓலையை."

"வெளிப்படையாக வந்தவன் மீது பழியும் வெளிப்படையாக விழும். நான் சங்குமுகத்தில் காய்ச்சலில் கிடக்கிறேன். மூன்று வைத்தியர் சத்தியம் செய்வார்கள். ஓலை இருந்தது உன் பேழையில். தம்பியின் நாட்டுக்கு ஆசைப்பட்ட தமக்கை என்று ஊர் சொல்லும். நான் விலகினால் எட்டாகும், எட்டானால் கல் ஏறும், கல் ஏறினால் எனக்கு வேளைக்குச் சோறு வரும், தலை எண்ண ஒருவனும் துணியமாட்டான். உன் தண்டேலுக்கு நன்றி சொல்."

"அந்த ஓலையை ஆதனிடம் யார் கொண்டுபோவது?" என்று கேட்டாள் அவள்.

"நான்தான். என் கையிலிருந்து நஞ்சையும் நம்பிக் குடிப்பான் அவன். தென்கழிக்கு நானே அழைத்துவருவேன். கரையில் அரையரின் வேல்கள் காத்திருக்கும். கோட்டை எனக்கு என்று பேசி முடித்தாகிவிட்டது."

வெளியே, பந்தத்தின் சைகையைக் கண்டுவிட்ட பன்னிரு துடுப்புப் படகொன்றின் சலசலப்புக் கேட்டது. பூவரையன் வாயிலில் இருந்த கல்லின் மஞ்சள் துணியை உருவித் தலையோடு போர்த்திக்கொண்டு மேலேறினான். பின்னாலேயே ஓடினாள் கோதை.

"பிடியுங்கள் அவனை!"

எவன் பிடிப்பான்? மூன்று நாள் சோறு தின்ற ஒன்பதாமவர், நிலவொளியில் மஞ்சள் உடுத்தி, ஆள் உயரத்துக்கு எழுந்து வருகிறார். துடுப்புக்காரர்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். நீலாயன் கைகூப்பி வழிவிட்டு, "குத்தங்குறை இருந்தாப் பொறுத்துக்கணும், சாமி" என்று வேறு சொன்னான். சாமி அவனைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, கயிற்றைப் பற்றிப் படகில் இறங்கியது. படகு நிலவின் பாதையில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

நடந்தது இன்னதென்று கோதை நாலே வார்த்தையில் சொன்னாள். நீலாயன் தளத்தில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"மனுசனைச் சாமின்னு நெனச்சுட்டோமே, தாயே."

"வருந்தாதீர், தண்டேலே. நீங்கள் மூன்று நாள் நினைத்தீர்கள். நான் இரண்டு வருஷமாக நினைத்தேன்."

கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே அவள் கேட்டாள்: "படகு கோட்டைக்கு எப்போது போய்ச் சேரும்?"

"நாளை பொழுது சாய. நமக்கும் அதே நேரந்தான். பாறைக் கால்வாயில நொழைஞ்சா உச்சிக்கே போயிரலாம். ஆனா அங்கன செவ்வாக்கெழமை யாரும்..."

"நாளை என்ன கிழமை?"

நீலாயன் அவள் முகத்தைப் பார்த்தான். கிழமையைச் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சுக்கானைப் பிடித்து, "பாயைத் திருப்புங்கடா, பாறைப் பக்கமா" என்றான்.

கோதைநங்கை முகப்புக்கு வந்து, உப்பு நீரை ஒரு கை அள்ளச் சொல்லி வாங்கி, கடலை நோக்கி நின்றாள்.

"அவருக்கு முன்னால் நான் கோட்டைக்குள் நுழைவேன். பௌர்ணமியன்று தென்கழிக்கு என் தம்பி வரமாட்டான். அவன் படையோடு நான் வருவேன். பூவரையர் படுத்த படுக்கையாய்க் கிடப்பதாக மூன்று வைத்தியர் சத்தியம் செய்யப்போகிறார்களாம். பெரியவர்கள் வாக்கு பொய்க்கலாகாது. அவரைத் தென்கழி மணலில் படுக்க வைக்காமல், சங்குமுகத்து மண்ணை நான் மிதிப்பதில்லை."

கை நீரைக் கடலில் விட்டாள்.