தீயா, ஓவியமா?

செவ்வாய்க் கோளின் கீழைக்குடியில் பிறந்து வளர்ந்த யாரும் நெருப்பைக் கண்ணால் கண்டதில்லை. அங்கே சாமி விளக்குகூட மின்குமிழ்தான். அதனாலோ என்னவோ, கனிம வண்டி வைத்திருந்த ஒவ்வொருவனுக்கும் வண்டியின் பக்கவாட்டில் தீநாக்கு வரைந்துகொள்ளும் பித்துப் பிடித்திருந்தது. வரைவதற்குத் தடையில்லை. ஆனால் ஒவ்வொரு நாக்கையும் சுற்றி நூலளவு நீலக்கோடு இழுத்தாக வேண்டும். ஒவ்வொரு அறையின் கூரையிலும் இருக்கும் காவற்கண்ணுக்கு, கோடிருந்தால் ஓவியம், இல்லாவிட்டால் தீ. தீ என்றால் அந்த இடத்துக் காற்றையெல்லாம் உறிஞ்சிவிடும். எல்லோர் இடுப்பிலும் மூச்சுறை தொங்கியதால் உயிருக்கு ஆபத்தில்லை, வேலைதான் கெடும். ஆகவே உறிஞ்சுமுன் பக்கத்திலிருப்பவரின் மணிக்கட்டுத் திரையில் கேட்டுக்கொள்ளும்: "தீயா, ஓவியமா?"

செல்வக்கனிக்குக் கோடு இழுப்பதுதான் பிழைப்பு. பாதிக் கோட்டில் இருக்கும்போதெல்லாம் மணிக்கட்டு துடிக்கும். எந்த அறை, எந்த மூலை என்று கேள்விக்குக் கீழே விவரமும் வரும். அதைப் படித்துக்கொண்டிருந்தால் வேலை ஓடுமா? தூரிகையைக் கீழே வைக்காமல் முகவாயாலேயே 'ஓவியம்' என்பதை அமுக்கிவிடுவாள். ஊரே அப்படித்தான் அமுக்கிக்கொண்டிருந்தது.

அன்று அவள் தம்பி லிங்கதுரையின் புது வண்டி. மறுநாள் அவனுக்கு முதல் ஓட்டம். அவன் மணிக்கட்டுத் திரையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, உள்ளே மின்கல அறையில் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். இவள் வெளியே கடைசி நாக்கின் நுனிக்கு வந்திருந்தாள். மணிக்கட்டு துடித்தது. அமுக்கினாள்.

"யக்கா, இங்க வந்து பாரேன்! என்னமா ஆடுது! நீ வரைஞ்சத விட நல்லாருக்கு."

"சும்மா கெடலே. கோடு கோணிரும்."

"ஓரத்துல நீலக்கோடு கூட இருக்குக்கா. நெசமாத்தான், ஒருக்க வா."

மறுபடியும் துடித்தது. தம்பியின் வாயையும் சேர்த்து அடைப்பவள்போல் எரிச்சலோடு அமுக்கினாள்.

அடுத்து வந்தது அலறல். அவள் ஓடிப்போய்ப் பார்த்து, 'தீ' என்று மாற்றினாள். காவற்கண் உடனே காற்றை உறிஞ்சியது. நெருப்பும் உடனே அணைந்தது. லிங்கதுரை அதற்கு முன்பே போய்விட்டான். பாவி, கேட்டதற்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கலாமே என்று அவள் தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். அந்த இயந்திரத்தின் மீது பழி போடக்கூட அவளுக்கு வழியில்லை. அது இரண்டு முறை கேட்டிருந்தது.

ஊர் மன்றம் அவசரமாகக் கூடிப் புது விதி எழுதியது. இனி காவற்கண் மூன்று முறை கேட்கும். படிக்காமல் பதில் சொல்வது குற்றம். லிங்கதுரையைக் குழிக்குள் இறக்கும் நேரத்தில் அந்த விதி எல்லோருடைய மணிக்கட்டுக்கும் வந்தது. நீளமான வாசகம். அடியில் ஒரு பொத்தான்: 'முழுவதும் படித்தேன், ஏற்கிறேன்.'

அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தாமலே அமுக்கினார்கள். செல்வக்கனியும் முகவாயால் அமுக்கினாள். அமுக்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

விதி ஒருமனதாக நிறைவேறியது என்று அடுத்த செய்தி வந்தது.