மறு பாதி

மத்தியானம் இரண்டு மணிக்கு, ஏரிகளைச் சுத்தம் செய்து கொடுக்கும் ஏரிக்காரரின் வேன் குடியிருப்புக்குள் நுழைந்தபோது ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. ஏரியைச் சுற்றி நாற்பது வீடுகள். தண்ணீரைப் பார்த்தபடி உட்காரலாம் என்றுதான் இத்தனை பேரும் ஆசையாசையாக இங்கே குடிவந்தார்கள். இப்போது நாற்றம் தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டு அதே ஏரியைக் கரித்துக்கொட்டுகிறார்கள்.

சங்கச் செயலாளர் கரையிலேயே காத்திருந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இன்னைக்கே மொத்தப் பாசியும் போகணும். பாதி பாதியா இழுத்தடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம்."

ஏரிக்காரருக்குத் தொழில் தெரியாமல் இல்லை. மயில்துத்தத்தைச் சாக்கில் கட்டிப் படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனால் பாசி சாகும். செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். அதனால் ஒரு தடவைக்குப் பாதி ஏரிக்குத்தான் மருந்து. மறு பாதியை மீன்கள் மூச்சுவிட விட்டுவைக்க வேண்டும். போன வருடம் இதே மனிதரின் வாய்க்குப் பயந்து முழு ஏரிக்கும் போட்டார். மூன்றாம் நாள் மீன்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. வலையில் அள்ளிக் கொட்டியதும் அவர்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இருந்தும் தலையாட்டினார். அந்தத் தலையை என்னவென்று திட்டுவது?

படகில் ஏறியது மச்சான், அவர் மனைவியின் தம்பி. முப்பத்தைந்து வயதில் வேலை போய், போன மாதம்தான் இவரோடு சேர்ந்திருந்தான். தொப்பைக்கு மேல் மிதவைச் சட்டையைப் பூட்டுவதற்குள் இருவருக்கும் வேர்த்துவிட்டது. மச்சானுக்கு நீச்சல் தெரியாது. "என் தம்பிக்கு ஏதாவது ஆச்சுன்னா என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க" என்று மனைவி காலையில் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஏரிக்காரர் படகின் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு கரையில் நின்றார்.

முதல் பாதி நல்லபடியாக முடிந்தது.

"மாமா, அந்தப் பக்கமும் போகணுமா?"

"போ."

படகு நடு ஏரியைத் தாண்டியது.

தண்ணீரில் ஒரு குமிழ் வெடித்தது. பிறகு பத்து. பிறகு படகைச் சுற்றி வட்டமாக, விடாமல்.

நாற்றம் நின்றுபோயிற்று. அதுதான் அவரை முதலில் பயமுறுத்தியது. மூச்சை இழுத்தால் மூக்கில் எதுவுமே ஏறவில்லை.

"மெஷினை நிறுத்துங்க மாமா. படகு ஆடுது."

ஏரிக்கடியில் காற்றூதும் மெஷினை அவர் வந்தவுடனேயே அணைத்திருந்தார். சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

கரையோரம் தண்ணீரில் விட்டிருந்த ஆக்சிஜன் மீட்டரைக் குனிந்து பார்த்தார். நான்கு. மூன்று. ஒன்று.

பூஜ்யம்.

மச்சான் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். சத்தம் வரவில்லை. கண் இமைக்கவில்லை. இப்படித் திறந்து மூடும் வாய்களை அவர் இதே ஏரியில் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறார்.

கயிற்றை இழுத்தார்.

கயிறு அவரை இழுத்தது.

முழங்கால்வரை தண்ணீருக்குள் போய்விட்டார். "விட்டுடு" என்று ஏரியைப் பார்த்துக் கிசுகிசுத்தார். "தப்பு என்னோடது. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

உள்ளங்கை கிழிந்தது. பிடியை விடவில்லை. எப்போது என்று தெரியாது, கயிறு சட்டென்று தளர்ந்தது. படகு லேசாக வந்து கரையில் மோதியது. மச்சான் தானாகவே எழுந்து இறங்கி, மிதவைச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேனில் போய் உட்கார்ந்தான்.

"வேலை பாதிதானே முடிஞ்சிருக்கு?" என்றார் செயலாளர். ஏரிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மனைவிக்குப் போன் போட்டார். "உன் தம்பி பத்திரமா இருக்கான்" என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதார்.

"எதுக்கு மாமா அழறீங்க?" என்றான் மச்சான்.

ஏரிக்காரரின் பக்கத்துக் கண்ணாடி மூச்சுப் பட்டு வெளுத்திருந்தது. கையால் துடைத்தார். மறுபடி வெளுத்தது. மச்சானின் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு பொட்டு ஆவி இல்லை. வெளியே போகிற மரங்கள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன.

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, கையை நீட்டி மச்சானின் நெஞ்சில் வைத்தார். ஒன்றிலிருந்து அறுபதுவரை மனதுக்குள் எண்ணினார்.

நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"வீட்டுக்குப் போலாம் மாமா" என்றான் அவன். "அக்கா காத்துட்டிருப்பா."