கறுப்பு ஜோடியில் மட்டும்

கறுப்பு இயர்போனில் மட்டும், பாட்டுக்குப் பின்னால், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அவள் பாட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிட்டாள். பாடகியின் குரல் இறங்கி வயலின் ஏறுகிற அந்தச் சின்ன இடைவெளியில், இடது பக்கம் சற்றுத் தள்ளி, ஈரமான ஓர் உறிஞ்சல். கறுப்பைக் கழற்றிவிட்டு வெள்ளி நிற ஜோடியைக் காதுக்குள் திருகி அதே இடத்தைக் கேட்டாள். பாடகி இருந்தாள், வயலின் இருந்தது, உறிஞ்சல் இல்லை. திரும்பவும் கறுப்பு. இருந்தது. அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாகிவிட்டது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒரு மாதிரியான ஜனங்கள். ஊரே பாட்டில் உருகிக்கொண்டிருக்கும்போது இவர்கள் பாடகி எந்த இடத்தில் எச்சில் விழுங்கினாள் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். கண்டுபிடித்துவிட்டால் புதையல் கிடைத்த மாதிரி குதிப்பார்கள். அவளும் அப்படித்தான். ஒரு மின்னணுப் பொருள் இணையதளத்துக்கு இயர்போன் விமர்சனம் எழுதுவது அவள் வேலை. இன்றைக்கு மேசைமேல் இருந்த இரண்டும் நடுத்தர விலைக்காரவை. கடன் வாங்காமல் வாங்கிவிடலாம். ஆனால் வாங்கிய பிறகு வீட்டில் விலையைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டில் எது உண்மையான ஒலியைத் தருகிறது என்று மாலைக்குள் எழுதி அனுப்பியாக வேண்டும்.

'கறுப்பின் நுணுக்கம் அபாரம்' என்று தட்டச்சு செய்தாள். 'ஒலிப்பதிவு அறையில் ஜலதோஷத்தோடு உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரைக்கூட அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.' படித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

வெளியே மத்தியானம் முழுக்க மழை. ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் வீட்டுக்குள் ஈரத்துணி வாடையும் காய்ச்சல் மருந்தின் தித்திப்பு வாடையும் கலந்து கிடந்தன. வெளிச்சம் கூடத்தின் மூலைகளிலிருந்து ஏற்கெனவே விலக ஆரம்பித்திருந்தது. கணவன் வேலையிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. படுக்கையறையில் சிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவர்களின் ஒரே மகள், ஆறு வயது. காலையிலிருந்து அனலாய்க் கொதித்தவள், மூக்கு அடைத்துப்போய் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீயும் வந்து படும்மா" என்று தூங்குவதற்கு முன் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா வேலைய முடிச்சிட்டு ஓடி வந்துடறேன். நீ கூப்பிட்டா போதும், அடுத்த நிமிஷம் இங்க இருப்பேன்" என்று சொல்லித்தான் மகளின் விரல்களைப் பிரித்துவிட்டு வந்திருந்தாள்.

சிட்டு கூப்பிடவும் கூப்பிட்டாள். அதை நினைத்தால்தான் அவளுக்கு இப்போதும் முகம் சுருங்கியது.

அப்போது அவள் பாட்டு எதுவும் ஓடவிடவில்லை. இயர்போனை வெறுமனே காதில் செருகிக்கொண்டு, வெளிச் சத்தம் எவ்வளவு உள்ளே நுழைகிறது என்று பார்க்கிற சோதனை அது. வெள்ளி ஜோடியின் வழியாக மழை கேட்டது, ஃப்ரிட்ஜின் முனகல் கேட்டது, மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பது கேட்டது. அதற்கும் அடியில், நூல் மாதிரி, "அம்மா." எழுந்திருக்கத்தான் போனாள். பாதி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். ஒரே ஆள், ஒரே தூரம், உயர்ந்த குரல், திரும்பத் திரும்ப. சோதனைக்கு இதைவிட நல்ல சத்தம் எங்கே தேடினாலும் கிடைக்காது. வெள்ளியைக் கழற்றினாள். கழற்றிய அந்த ஒரு கணம் சிட்டுவின் குரல் முழு அழுகையாகக் கூடத்துக்குள் வந்து விழுந்தது. கறுப்பைச் செருகியதும் வெட்டிவிட்ட மாதிரி நின்றுபோயிற்று. மழை இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, மகள் இல்லை. அந்த ஒன்றுமில்லாததை அவள் கொஞ்ச நேரம் ரசித்துக் கேட்டாள். 'வெளிச் சத்தத்தை அடைப்பதில் கறுப்புக்கே வெற்றி' என்று எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

போனபோது சிட்டு தூங்கிவிட்டிருந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு. நெற்றியைத் தொட்டால் சில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. மூச்சுகூடச் சத்தமில்லாமல் சீராக வந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. நல்லவேளை, தானே அழுது தானே தூங்கிவிட்டாள் என்று கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பிவந்தாள்.

இப்போது அவள் அடுத்த பாட்டுக்குப் போனாள். அது பாட்டுகூட இல்லை, வெறும் தாளம். முழுக்கக் கணினியிலேயே செய்தது. அடித்தொனி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பதற்காக வைத்திருந்தாள். பாடகி கிடையாது, மைக் கிடையாது, ஜலதோஷம் பிடிக்க அங்கே ஆளே கிடையாது. தாளம் நெஞ்சுக்கூட்டில் இதமாக இடித்துக்கொண்டிருந்தது. அது நின்ற ஓர் இடைவெளியில் இடது பக்கமிருந்து அதே உறிஞ்சல் வந்தது. இந்த முறை கொஞ்சம் கிட்டத்தில்.

அவள் பாட்டை நிறுத்தினாள். கறுப்பைக் கழற்றி ரப்பர் முனைகளைத் துடைத்தாள், கம்பியை ஆட்டிப் பார்த்தாள், தன் மூக்கையே ஒருமுறை சந்தேகத்தோடு தொட்டுப் பார்த்தாள். பிறகு எடிட்டருக்கு ஃபோன் செய்தாள். அவரிடமும் இதே கறுப்பில் ஒரு ஜோடி இருந்தது.

"சார், அந்த வயலின் பாட்டக் கொஞ்சம் கறுப்புல போட்டுக் கேளுங்களேன். வயலின் வர்றதுக்கு முன்னாடி யாரோ மூக்க உறிஞ்சற மாதிரி இல்ல?"

எடிட்டர் கேட்டார். மறுபடி கேட்டார். "ஒண்ணும் இல்லையேம்மா. சுத்தமா இருக்கு."

"இடது பக்கம் சார். நல்லா கேளுங்க."

"நல்லாதாம்மா கேட்டேன். நீ காலையிலேர்ந்து ஒரே இதா உக்காந்திருக்க, காது களைச்சுப் போயிருக்கும். ஒரு காபி குடிச்சிட்டு வா. அதுக்காக கட்டுரைய நாளைக்குத் தர்றேன்னு மட்டும் சொல்லிடாத." சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

காது களைப்பது உண்மைதான். அவள் நம்பத் தயாராகவே இருந்தாள். கடைசியாக ஒன்றே ஒன்றைச் சரிபார்த்துவிடலாம் என்று, கறுப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, அதன் மறுமுனையைப் பிளேயரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். எதிலும் சொருகாத கம்பி. இதில் சத்தம் வர வழியே இல்லை. தன் ரத்தம் ஓடுகிற மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது.

உறிஞ்சல்.

அதற்குப் பின்னால் ஒரு விக்கல். அதற்குப் பின்னால், அவள் வெட்டிய இடத்திலிருந்து, அந்த அழுகை தொடர்ந்தது.

"அம்மா."

அவள் இரண்டையும் காதிலிருந்து பிய்த்துப் போட்டாள். மழைச் சத்தம் கூடத்துக்குள் திரும்பி வந்தது. வேறு எதுவும் இல்லை. படுக்கையறைக் கதவு அவள் விட்டுவந்தபடியே ஒருக்களித்திருந்தது.

"சிட்டு?"

"என்னம்மா?"

உடனே வந்தது பதில். கூப்பிட்டு வாய் மூடுவதற்குள். தூங்கி எழுந்த கரகரப்பு இல்லை, கொட்டாவி இல்லை. மணி மணியாக இருந்தது குரல். அவள் சிரித்தேவிட்டாள், சந்தோஷத்தில்தான். இதோ இருக்கிறாள் பெண். தனக்குத்தான் பைத்தியம் பிடித்திருக்கிறது.

"எந்திரிச்சிட்டியாடா? ஏதாவது வேணுமா?"

"எதுவும் வேணாம்மா. நீ வேலையப் பாரு."

இதைக் கேட்டு எந்த அம்மாவும் பூரித்துப்போக வேண்டும். சிட்டு பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட இப்படிச் சொன்னதில்லை. வேலை என்ற வார்த்தையைக் கேட்டாலே சிட்டுவுக்கு ஆகாது. மேசைமேல் கிடந்த கறுப்பு ஜோடியை அவள் பார்த்தாள். தொடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஒன்றை மட்டும் எடுத்து இடது காதில் வைத்தாள். வலது காதைப் படுக்கையறைப் பக்கம் திறந்தே வைத்துக்கொண்டாள்.

இடது காதில் அழுகை. அதைச் சுற்றி ஓர் அறை இருந்தது. அவள் வேலையே அதுதானே, கேட்கக் கேட்கத் தானாகவே பிரிந்து வந்தது. தலைக்குமேல் டக்டக்கென்று தட்டும் மின்விசிறி. இரும்பு அலமாரியின் கதவில் பட்டுத் திரும்பும் எதிரொலி. காய்ச்சலில் காய்ந்துபோன உதடுகள் ஒட்டிப் பிரியும் சத்தம். அடைத்த மூக்கு. அவர்கள் வீட்டுப் படுக்கையறைதான். மூலை முடுக்கு எல்லாம்.

"சிட்டு, ஒரு பாட்டுப் பாடேன்டா" என்றாள். எப்படிச் சொன்னாளோ.

"சரிம்மா."

வலது காதில் பாட்டு வந்தது. பள்ளியில் கற்றுக்கொண்ட பாட்டு. சிட்டுவின் குரல், சிட்டுவின் இழுப்பு, சிட்டு எப்போதும் தப்பாகச் சொல்கிற அதே வார்த்தை, தப்பாகவே. ஆனால் அந்தக் குரலைச் சுற்றி அறை இல்லை. எதிலும் பட்டுத் திரும்பாமல், மூச்சுக்கு எங்கேயும் நிற்காமல், ஒரே மட்டத்தில் வந்துகொண்டிருந்தது. மின்விசிறியும் தட்டவில்லை.

ஆயிரம் பேருக்கு எது அசல் என்று எடுத்துச் சொன்னவள். இந்த இரண்டில் எது அசல் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தெரியாமல் இருந்திருக்கலாம்.

"அம்மா..." இடது காதில் விக்கி விக்கி. "அம்மா, எவ்ளோ நேரமா கூப்பிடறேன்..."

"வந்துட்டேன்டா. எங்க இருக்க? சொல்லு, எங்க இருக்க?"

இது அங்கே கேட்காது. இயர்போனுக்குக் காது கிடையாது. கேட்காது என்று தெரிந்தும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வலது காதில் பாட்டு நின்றது. பாதி வார்த்தையில்.

இடது காதில் அழுகையும் நின்றது. பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போல, மிக மெல்ல:

"அம்மா... அவ எந்திரிச்சுட்டா."

கட்டில் கிறீச்சிட்டது. வலது காதில்.

பாதங்கள். தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் வெறும் பாதங்கள். அவசரமே இல்லை. எழுந்து ஓட வேண்டும். எங்கே ஓடுவது? அந்த அறைக்குள்தானே அவள் பெண் இருக்கிறாள். கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. கதவு திறந்தது.

சிட்டுதான். கலைந்த தலை. கசங்கிய பூப்போட்ட கவுன். கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம். பார்த்ததும் அள்ளிக்கொள்ளத் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

சிட்டு வந்தாள். வழக்கம்போல முட்டியை ஊன்றி மடியில் ஏறினாள். கனம் சரியாக இருந்தது. சூடு மட்டும் இல்லை. வழக்கம்போல மேசையில் கிடந்த இன்னொரு பக்கத்து இயர்போனை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள். அம்மாவும் பெண்ணும் ஒரே கம்பியில், ஆளுக்கொரு காதாக. இப்படித்தான் தினமும் பாட்டுக் கேட்பார்கள்.

"அம்மா! அம்மா! அம்மா!" கம்பிக்குள்ளிருந்து அலறல்.

சிட்டு தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள். கொஞ்சம் சிரித்தாள்.

"இது நல்லா இல்லம்மா" என்றாள். "கழட்டிடு."

சில்லிட்ட விரல்கள் அவள் காதுக்கு வந்தன. நோகாமல், பதமாக, ரப்பர் முனையைச் சுழற்றி வெளியே எடுத்தன. அழுகை தேய்ந்து, நூலாகி, விரல்களுக்குள் போனது.

சிட்டு இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றாக வாய்க்குள் போட்டுக்கொண்டாள். உதடுகளை மூடிக்கொண்டாள். ஓரத்தில் கறுப்புக் கம்பி மட்டும் தொங்கியது. பிறகு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தோடு முகம் ஒட்டவைத்து, இமைக்காமல் பார்த்தாள்.

அசையாத அந்த உதடுகளுக்கு உள்ளிருந்து, அடைத்த மூக்கோடு, அவள் மகள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.