ஆயிரத்து ஒன்பதாவது டின்

யுத்த காலம் அது. ஆவடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெட்ரோல் கிடங்கில் வேம்புலி காவல்காரர். அவர் மகள் பூங்காவனம் ஐந்தாம் வகுப்பு படித்தாள். ஒரு நாள் மதியம் அவள் சோறு கொண்டுபோனபோது அப்பாவின் முகம் வெளுத்திருந்தது.

ஒரு டின் பெட்ரோலைக் காணோமாம். நேற்று எழுதிய நோட்டில் ஆயிரத்து ஒன்பது டின் இருக்கிறது. இன்று குமாஸ்தா தானே எண்ணிப் பார்த்தபோது ஆயிரத்து எட்டுதான். பெட்ரோல் ரேஷனில் கிடைத்த காலத்தில் டின் திருடினால் ஜெயில்தான். போலீஸுக்கு ஆள் போய்விட்டது.

"நான் தொடக்கூட இல்ல கண்ணு," என்றார் அப்பா.

அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை என்று பூங்காவனம் குமாஸ்தாவிடம் போனாள். அவர் பெங்களூரிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறது. நேற்று டின்களை எப்படி அடுக்கினார்கள் என்று கேட்டாள். எல்லாம் சமமான வரிசைகள், ஒரு டின்கூட உதிரியாக நிற்கவில்லை என்று அவர் பெருமையாகச் சொன்னார். எத்தனை வரிசை என்பது மட்டும் நினைவில்லையாம். காலையில் எல்லாவற்றையும் கொட்டகை மாற்றிவிட்டார்கள்.

அவள் கரித்துண்டை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். ஆயிரத்து ஒன்பதை இரண்டால் வகுத்தாள். ஒன்று மீதி. மூன்றாலும் ஒன்று மீதி. ஐந்தால் நான்கு. இரண்டால் வகுபடாதது நான்கால், ஆறால் எப்படி வகுபடும்? அவற்றை விட்டாள். ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று போனாள். ஒன்றுக்கும் மசியவில்லை, பொல்லாத எண்.

தூரத்தில் போலீஸ்காரரின் சைக்கிள் மணி கேட்டது. அவசரத்தில் இருபத்து மூன்றில் தப்பாகப் போட்டாள். அழித்து மறுபடி போட்டாள். முப்பத்தொன்று வரை முடித்துவிட்டு எழுந்தாள்.

"சார், ஆயிரத்து ஒம்பது டின்ன எப்டி வச்சாலும் வரிசை சமமா நிக்காது. ஒரே வரிசையா வச்சாதான் உண்டு."

ஒரே வரிசை என்றால் அது கிடங்கைத் தாண்டி ரோட்டுக்குப் போயிருக்கும். குமாஸ்தா யோசித்தார். "ஐம்பது வரிசை வைத்திருந்தால்?"

"அப்போ ஒரு வரிசைக்கு இருவது டின்னுதான் சார் வரும். முப்பத்தொண்ணுக்கு மேல எத்தன வரிசை வச்சாலும், வரிசைக்கு முப்பத்தொண்ணுக்குள்ளதான் டின்னு வரும். அந்தச் சின்ன நம்பரெல்லாம் வகுத்துப் பாத்துட்டேன். நேத்தே ஆயிரத்து எட்டுதான் இருந்துகீது."

தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். ஆயிரத்து ஒன்பது அப்படிப்பட்டது.

போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். குமாஸ்தாவுக்குக் கோபம். எண்ணிச் சொன்னதைக் கேட்டுத்தானே எழுதினேன் என்றார். அப்படியானால் எண்ணியவரைக் கூப்பிடுங்கள் என்றாள் பூங்காவனம்.

சுமை இறக்கும் கங்காதரன் வந்தார். நூம்பல் கிராமத்தில் நெல் அளந்து பழகியவர். நேற்று எண்ணியது போலவே எண்ணச் சொன்னதும் முதல் டின்மேல் கை வைத்தார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

"அதேதான்," என்றார் குமாஸ்தா. "அந்த லாபம் என்பது உபரி டின். கடைசியில் அதையும் கூட்டிக்கொண்டேன்."

கங்காதரன் திருதிருவென்று விழித்தார். "இன்னா சார் இது, நாங்க ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம். ஒண்ணுக்குப் பதிலாத்தான் லாபம்னு சொல்றது."

"காணாம போன டின் எங்கய்யா?" என்றார் போலீஸ்காரர்.

குமாஸ்தாவின் முகம் சிவந்துவிட்டது. முதலில் வேம்புலியிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு நோட்டை விரித்து, "இதுக்குள்ளேதான் இருந்தது," என்று ஒன்பதை அடித்து எட்டு என்று எழுதினார்.