தரையைத் தொட்டுப் பார்ப்பவன்

ஆவி பறக்கும் டீ டம்ளரை, விளிம்பில் பிடிக்காமல், உள்ளங்கையால் மொத்தமாகப் பற்றியிருந்தான் சாம். டீக்கடை முனியம்மாதான் முதலில் பார்த்தாள்.

"இன்னாபா, அது கையா, இடுக்கியா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாம் குனிந்து பார்த்தான். வலது கை. சூடு தெரியவில்லை, கையில் டம்ளர் இருப்பதே தெரியவில்லை. இடது விரலால் டம்ளரைத் தொட்டான். சுரீரென்றது. வெள்ளிக்கிழமையிலிருந்தே வலது கை மரத்துத்தான் கிடந்தது. பைக் ஓட்டியதால் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

2003-ம் வருடம். சாமுக்கு வேலை, தரையைத் தொட்டுப் பார்ப்பது. எரிமலை குமுறுவதற்கு முன்பே அதன் சூட்டைச் செயற்கைக்கோள் படத்தில் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி. சூளைத் தீயைப் பார்த்து எரிமலை என்று ஏமாந்துவிடக் கூடாதே! அதற்காக, எரிமலையே இல்லாத இந்தக் கடற்கரையின் இரவுப் படங்களையும் வாங்கிச் சோதித்தார்கள். படத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் சாம் பைக்கில் போய், செங்கல் சூளையா, சவுக்குக் கரி மூட்டமா என்று பார்த்து, தரையில் கை வைத்து, எழுதி வர வேண்டும்.

வெள்ளிக்கிழமைப் புள்ளி கடப்பாக்கத்துக் கோட்டை இடிபாட்டுக்குப் பக்கத்தில், வெறும் மணலில் இருந்தது. வலது கையை அழுத்தினான். கீழேயிருந்து எதுவோ, உள்ளங்கைக்கு உள்ளங்கை வைத்தாற்போல், திருப்பி அழுத்தியது. 'சூடு இல்லை' என்று எழுதிவிட்டுக் கிளம்பினான்.

செல் அடித்தது. ஆபீசில் படங்களைப் பார்க்கும் ஸ்ரீதேவி.

"சாம், சனி ஞாயிறு லீவு, மூணு நாள் படத்தையும் இப்பத்தான் பார்க்குறேன். கடப்பாக்கம் புள்ளியைக் காணோம். வெள்ளி ராத்திரி அது செய்யூர்ல இருக்கு."

"நானும் அன்னிக்கு அங்கதான் மேடம் படுத்தேன். வண்டி பஞ்சரு."

"சனிக்கிழமை சிங்கப்பெருமாள் கோயில்."

சாம் டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். சனிக்கிழமை அவன் அங்கே நண்பன் சாலமோன் வீட்டு மொட்டை மாடியில் படுத்திருந்தான்.

"நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?"

"வூட்லதான் மேடம். பாப்பாகூட."

"நேத்துப் புள்ளி உங்க ஊர்லதான் இருக்கு, சாம்."

கவியாவுக்கு நாலு வயது. நேற்று அவளுக்கு இளைப்பு. மனைவி சாராள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நைட் டூட்டி கிளம்பும்போது, "நெஞ்சு மேல கைய வெச்சிகினே படு, தூங்கிடுவா" என்று சொல்லிவிட்டுப் போனாள். வைத்தான். தைலத்தின் நெடி, ஃபேனின் கறகறப்பு, தூரத்துக் கடலிரைச்சல், எல்லாவற்றுக்கும் அடியில் பூனைக்குட்டிபோலக் குழந்தையின் நெஞ்சு போட்ட சத்தம். "சூடா கீதுப்பா" என்று சிணுங்கினாள். காய்ச்சல் என்று நினைத்தான். "சரியாப்பூடும்டா கண்ணு." கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சிணுங்கல் நின்றது. இளைப்பும் நின்றது. அப்பாடா என்று தூங்கிப்போனான். விடிந்ததும் போர்வைக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டு, தூங்கட்டும் என்று விட்டுவிட்டு, அவளுக்குப் பன் வாங்க வந்திருந்தான்.

நடந்தான். ஓடத் தோன்றவில்லை.

வீடு. சாத்திய கதவு. தைல நெடி. கூடவே வேறொரு நெடி.

"கவியா."

ஃபேன் சுற்றியது.

கழுத்துவரை போர்வை. முகம் அப்படியே. கன்னத்தில் தலையணைக் கோடு.

போர்வையை இழுத்தான்.

கவுனின் நெஞ்சில் ஒரு கைத்தடம். ஐந்து விரலும் கரி. அதன் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கனல் கோடு இன்னும் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

அணைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. வலது கையை அதன் மேல் வைத்து, அழுத்திக்கொண்டே இருந்தான்.